திங்கட்கிழமை யார் கூட்டுவது?

மேகமலைக்குப் போகிற டூரிஸ்ட் வேன்கள் எல்லாம் சின்னமனூரில்தான் திரும்ப வேண்டும். திரும்புகிற அவசரத்தில் ஊரை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய ஊர்தான். பாண்டியர் வரலாறு எழுத உட்காருகிறவர்களுக்குச் சின்னமனூர்ச் செப்பேடுகள் இல்லாமல் பேனா நகராது. மகாபாரதத்தைத் தமிழாக்கியதும், மதுரையில் சங்கம் வைத்ததும் தங்கள் முன்னோர்தான் என்று பாண்டியர்கள் பெருமையடித்துக்கொண்டது இங்கே கிடைத்த செப்பேட்டில்தான். சுற்றிலும் வாழையும் நெல்லும். ஊரை ஒட்டி முல்லைப் பெரியாறு. 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 42 ஆயிரத்துச் சொச்சம்.

செப்பேடு கிடைத்த ஊரோ, கிடைக்காத ஊரோ, தமிழ்நாட்டில் ஒரு விஷயம் மட்டும் எங்கேயும் மாறாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கும். அதில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மேல் காதணி விழா போஸ்டர் ஒட்டியிருக்கும். ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். சரியாக அந்த எழுத்துக்குக் கீழேதான் ஈரமாக இருக்கும். வாசகம் பலிக்காத இடங்களில் முருகன், இயேசு, மெக்கா மூன்றையும் டைல்ஸில் பதித்துவிடுவார்கள். சாமிகளை வாட்ச்மேன் வேலைக்கு வைத்த ஒரே சமுதாயம் நாமாகத்தான் இருப்போம்.

இந்தச் சுவரைப் பார்த்து மனசு பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேர் வருகிறார்கள். காலேஜ் பிள்ளைகள், ஒரு பாங்க் ஊழியர், ரிட்டயர்டு வாத்தியார், ஒரு டாக்டர். ஒரே நிற டி-ஷர்ட், கையுறை, மண்வெட்டி. பத்து மணிக்குள் குப்பையை அள்ளி, சுவருக்கு வெள்ளையடித்து, மயில் வரைந்து, நாலு தொட்டியில் அரளி நட்டு, ‘முன்பு - பின்பு’ என்று இரண்டு போட்டோ எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நூறு பேர் கைதட்டல் பொம்மை அனுப்புகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலும் இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. மரம் நடுகிறார்கள், ஆற்றங்கரையைக் கூட்டுகிறார்கள். ஆடி அமாவாசைக்குச் சுருளிக்கு வருகிறவர்கள் ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிற பழந்துணியை அள்ளுவதற்கும் யாராவது வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு உத்தேசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறர் போட்ட குப்பையில் கைவைக்கிறவர்கள், இட்லியும் டி.வி.யுமாக உட்கார்ந்திருக்கிற நம்மைவிட எவ்வளவோ மேல். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சரி, திங்கட்கிழமை யார் கூட்டுவது?

இந்தப் பாணிக்கு நம் பக்கத்தில் முன்மாதிரி பெங்களூர். 2010-ல் அங்கே ‘தி அக்ளி இண்டியன்’ என்று ஒரு குழு கிளம்பியது. பேர் சொல்ல மாட்டார்கள், முகம் காட்ட மாட்டார்கள். ஊரில் நாற்றமடிக்கும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுப்பார்கள். சுத்தம் செய்வார்கள். சுவரின் அடிப்பகுதியில் செம்மண் நிறப் பட்டை அடிப்பார்கள். செடி வைப்பார்கள். போய்க்கொண்டே இருப்பார்கள். நம் ஊர்க் குழுக்கள் செய்வதில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எந்த இடத்தில் ஜனங்கள் துப்புகிறார்கள், ஏன் அந்த இடத்தில் மட்டும், எந்த நேரத்தில் என்றெல்லாம் பொறுமையாகக் கவனித்தார்கள். அழுக்காக இருக்கும் இடம்தான் மேலும் அழுக்காகும், சுத்தமாக இருக்கும் இடத்தில் துப்புகிறவனும் ஒரு நொடி யோசிப்பான் என்று செய்தே காட்டினார்கள். பேனர் இல்லை, குத்துவிளக்கு இல்லை, மாவட்டச் செயலாளர் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு மரக்கன்றை நடுவதற்கே பதினாறு பேர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அந்தக் குழுவின் அடக்கம் நமக்கு அவசியம் வேண்டும்.

ஆனால் அவர்களுடைய தாரக மந்திரத்தில்தான் எனக்குத் தகராறு. ‘காம் சாலு, மூஹ் பந்த்’ என்பது அவர்கள் வாசகம். வேலை நடக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும் என்று அர்த்தம். யாரையும் குறை சொல்லாதே, அதிகாரியிடம் சண்டை போடாதே, அரசியல் பேசாதே, காரியத்தைப் பார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வெட்டிப் பேச்சில் சலித்துப்போன படித்த வர்க்கத்துக்கு இதைவிடப் பிடித்த வாசகம் இருக்க முடியாது. சொன்னவர்களே ஒழுங்காகக் கடைப்பிடிக்கலாம். ஊர் ஊராகக் காப்பி அடிக்கப்படும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒரு பேச்சு இது. புதிதாக வெள்ளையடித்த சுவருக்கு எதிரே டீக்கடை. தம்பி சொல்கிறார்:

“அண்ணே, இனிமே இங்க குப்பை கொட்டாதீங்கண்ணே. பாருங்க, எம்புட்டு அழகா ஆக்கிருக்கோம்.”

“கொட்டலப்பா. வேற எங்கிட்டுக் கொட்டணும்னு சொல்லு. வண்டி வந்து நாலு நாளாச்சு.”

தம்பியிடம் பதில் இல்லை. வாய் மூடியிருக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டதால் கேள்வியும் இல்லை. நகராட்சி வண்டி நாலு நாளாக ஏன் வரவில்லை, எத்தனை வண்டி இருக்கிறது, எத்தனை ஆள் குறைகிறது, அள்ளிய குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறை ஏன் பூட்டியிருக்கிறது? இவ்வளவு கேள்விகளுக்கு மேல் ஒரு கோட் வெள்ளையடித்து மயில் வரைந்திருக்கிறோம். மயில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அவசரத்துக்கு ஒதுங்குகிறவனுக்கு மயிலால் என்ன பிரயோஜனம்? பெண்களுக்கோ ஒதுங்கச் சுவர்கூடக் கிடையாது.

திங்கட்கிழமைக்கு வருவோம். திங்கள் முதல் சனி வரை, ஞாயிறும் சேர்த்து, கூட்டுகிறவர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். நம் டி-ஷர்ட் போட்டோக்களில் பெரும்பாலும் அவர் இருப்பதில்லை. இருந்தால் ஓரமாக, சால்வை போர்த்தப்படுகிறவராக இருப்பார்.

இது பழைய வியாதி. 1901-ல் கல்கத்தா காங்கிரசுக்குப் போன காந்தி அங்கே கழிவறைகள் இருந்த லட்சணத்தைப் பார்த்துத் தொண்டர்களிடம் சொன்னார். அது எங்கள் வேலை இல்லை, தோட்டி வேலை என்று பதில் வந்தது. அவரே ஒரு துடைப்பத்தைத் தேடி வாங்கிச் சுத்தம் செய்தார். தன் சுயசரிதையில் இதைச் சொல்லும்போது, தன்னால் தன் உபயோகத்துக்கான இடத்தைத்தான் சுத்தம் செய்ய முடிந்தது, மற்றவர்கள் அசைந்துகொடுக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஒரு மகாத்மாவின் துடைப்பமே ஒரு கக்கூஸைத்தான் சுத்தம் செய்தது. அன்றைக்குத் தொண்டர் செய்ய மறுத்ததை இன்றைக்குத் தொண்டர் ஆசையோடு செய்கிறார். முன்னேற்றம்தான். ஆனால் வருஷத்துக்குப் பத்து நாள் நாம் விரும்பிச் செய்தால் அது சேவை. 365 நாளும் ஒரு சில சாதிகளில் பிறந்தவர்களே செய்தால் அது வேலை. அதற்குச் சம்பளம் பாக்கி, கையுறை கிடையாது.

பேர் வைப்பதில் மட்டும் நாம் குறை வைத்ததில்லை. 1989-ல் சென்னையில் எம்.பி.நிர்மல் ‘எக்ஸ்னோரா’ தொடங்கினார். குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களுக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்து, தெருக்காரர்கள் மாதாமாதம் பணம் போட்டுச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாட்டைப் பரப்பியது அந்த அமைப்பு. அவர்களுக்கு வைத்த பேர் ‘ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்’, தெருவை அழகாக்குபவர். அந்தப் பேருக்குப் பின்னால் வண்டியும் சம்பளமும் இருந்தன, அதனால் மரியாதை. 2020-ல் தமிழக அரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்பதை ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. கொரோனா வந்தது, ‘முன்களப் பணியாளர்’ என்றோம், பூத்தூவினோம்.

2025 ஆகஸ்ட் 1 முதல் இந்த முன்களப் பணியாளர்கள் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை தனியார் நிறுவனத்துக்குப் போனதை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு, 13 நாள். பெரும்பாலும் பெண்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. நடைபாதை பொதுமக்களுக்குச் சொந்தம், மறித்து உட்காரக் கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. சட்டப்படி சரியாக இருக்கலாம். அந்த நடைபாதையை இத்தனை வருஷம் பொதுமக்களுக்காகக் கூட்டியது யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடம் இல்லை போலிருக்கிறது.

ஊரை அழகாக்கப் புறப்படும் ஒரு தன்னார்வக் குழு, தன் ஊரின் தூய்மைப் பணியாளர்களுக்கு மாதம் எவ்வளவு சம்பளம், யார் மூலம் வருகிறது, எந்தத் தேதியில் வருகிறது என்று தெரிந்துவைத்திருக்கிறதா? தெரியாது என்றால் அந்தக் குழுவுக்குக் குப்பையைத்தான் தெரியும், ஊரைத் தெரியாது.

அழகு விஷயத்திலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களைக் கிழித்துவிட்டுத் தமிழர் கலாசாரப் படங்கள் வரைந்தது. கரகாட்டம், ஜல்லிக்கட்டு, பரதம். நன்றாகவே இருந்தது, போஸ்டர் ஒட்டுகிறவர்களும் கொஞ்ச காலம் கை வைக்கவில்லை. 2020-ல் கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் மற்ற குடிசைப் பகுதிகளிலிருந்தும் கிளப்பப்பட்ட குடும்பங்களை 2000-லிருந்து கொண்டுபோய் இறக்கிய இடம் அது. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி சைஸ். மாநகராட்சியோடு சேர்ந்து ‘ஸ்டார்ட் இந்தியா’ அறக்கட்டளை அங்கே மாடிக் கட்டடச் சுவர்களில் பிரம்மாண்டமான முகங்களை வரையவைத்தது. நல்ல ஓவியங்கள். நகரம் கண்ணை மூடிக்கொண்ட ஒரு இடத்தை நகரத்தை வைத்தே பார்க்கவைத்தன. அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் வெளிச்சுவரில் சிரிக்கும் அந்த நாற்பதடி முகத்துக்குப் பின்னால், உள்ளே குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பதைப் படம் பிடிக்கப் போகிற கேமராக்காரர் கேட்பதில்லை.

இலங்கையில் இன்னொரு பாடம். 2019 நவம்பர் ஜனாதிபதி தேர்தல் முடிந்த கையோடு இளைஞர்கள் பிரஷ்ஷும் பக்கெட்டுமாகத் தெருவுக்கு வந்து, நாடெங்கும் பொதுச் சுவர்களை வண்ணமயமாக்கினார்கள். பூ, பறவை, இயற்கை என்று போன படங்களுக்கு நடுவே துப்பாக்கி பிடித்த போர் வெற்றிப் படங்களும் வந்தன. அந்தச் சுவரைக் கடந்து போகிற தமிழனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? சுவரில் எதை வரைவது என்று முடிவு செய்கிறபோதே, இந்தத் தெரு யாருடையது என்றும் முடிவு செய்துவிடுகிறோம். வாயை மூடிக்கொண்டு வரைந்தால் அரசியல் இல்லை என்று அர்த்தமாகாது.

‘அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர்? வீட்டில் உட்கார்ந்து கட்டுரை எழுதவா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கோயமுத்தூருக்குப் போய்ப் பார்க்கலாம்.

2017-லிருந்து அங்கே ‘கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு’ ஞாயிற்றுக்கிழமைதோறும் குளங்களில் இறங்கி வேலை செய்தது. அவர்களும் குப்பை அள்ளினார்கள், பிளாஸ்டிக் பொறுக்கினார்கள், மரம் நட்டார்கள். ஆனால் வெள்ளலூர் குளத்தில் குப்பை அள்ளியதோடு நிறுத்தவில்லை. குளம் பல வருஷமாகக் காய்ந்து கிடப்பதேன் என்று பார்த்தார்கள். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டிய வாய்க்கால் மண்மூடிப் புதராகிக் கிடந்தது. நொய்யல் பக்கம் நடந்தார்கள். அடைத்துக்கொண்ட இடங்களைச் சுத்தம் செய்தார்கள். அதிகாரிகளிடம் பேசினார்கள். தண்ணீர் வந்தது. பிற்பாடு அந்தக் கரையில் மரங்கள் வளர்ந்து பட்டாம்பூச்சிகள் வந்து, ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போகும் இடமாகிவிட்டது. அழகு தானாக வந்து சேர்ந்தது.

அதே ஊரில் உக்கடம் பெரியகுளத்தையும் வாலாங்குளத்தையும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அழகுபடுத்தினார்கள். நடைபாதை, கலர் லைட், செல்ஃபி எடுக்க ஆளுயர எழுத்துகள். சாயங்காலம் குடும்பத்தோடு போய்வர அருமையான இடம். ஆனால் சாக்கடை குளத்துக்கு வருவது அத்தோடு நின்றுவிடவில்லை, ஆகாயத்தாமரையும் போகவில்லை. கரையைச் சிங்காரித்துவிட்டுத் தண்ணீரை மறந்தால் இப்படித்தான். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டால் குளிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிற மாதிரி.

மறுபடி சின்னமனூருக்கு வருகிறேன். இங்கே சுத்தம் செய்ய வேண்டிய பெரிய பொது இடம் எது என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டுச் சுவர் இல்லை. ஆறுதான்.

1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிடப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான். நன்றி மறக்காத மக்கள் இவர்கள். ஜனவரி 15, பென்னிகுக் பிறந்த நாள். பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் அரசு மணிமண்டபம் திறந்தது. பிள்ளைகளுக்கு அவர் பேரை வைத்த வீடுகளும் உண்டு. ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரைக் குலசாமி மாதிரி வைத்துக் கும்பிடும் ஜனங்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்?

அந்தக் குலசாமி கொண்டுவந்த தண்ணீரில்தான் கூடலூரிலிருந்து ஊர் ஊராகச் சாக்கடை கலக்கிறது. பத்திரிகைகளில் வருஷாவருஷம் வருகிற செய்தி இது. ஆற்றுக்குள் உறைகிணறு போட்டுத்தான் பள்ளத்தாக்கின் ஊர்கள் குடிக்கத் தண்ணீர் எடுக்கின்றன. அதாவது, மேலே இருக்கிற ஊரின் சாக்கடை கீழே இருக்கிற ஊரின் உறைகிணற்றுப் பக்கமாகத்தான் போகிறது. கூடலூர் கம்பத்துக்கு அனுப்புகிறது, கம்பம் உத்தமபாளையத்துக்கு, உத்தமபாளையம் சின்னமனூருக்கு. சின்னமனூரும் சும்மா இருக்கவில்லை, வீரபாண்டிக்கும் தேனிக்கும் அனுப்பிவைக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வீரபாண்டி ஆற்றில் முங்குகிறவர்களுக்கு இது தெரியுமா?

கரையில் கிடக்கும் பாலித்தீனை இருபது பேர் ஒரு காலைப்பொழுதில் அள்ளிவிடலாம். ஆற்றில் விழும் சாக்கடையை இருபது பேர் பக்கெட்டில் மொள்ள முடியாது. அதற்குச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், அதற்கு நிதி வேண்டும், இடம் வேண்டும். நிதி வந்ததா, எங்கே நிற்கிறது என்று விடாமல் கேட்கிற வாய் வேண்டும். துடைப்பம் செய்யாத வேலை இது.

கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. 2005-லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் நகராட்சி பதில் சொல்லியாக வேண்டும். 2022-ல் தமிழக அரசு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. கிராம சபை மாதிரி, நகரத்தின் ஒவ்வொரு பகுதி வாக்காளரும் உட்கார்ந்து கவுன்சிலரைக் கேள்வி கேட்கலாம். அந்த வருஷம் நவம்பர் 1-ல் பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்த கூட்டம் போட்டோவோடு வந்தது. உங்கள் வார்டில் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது? எத்தனை பேர் போனீர்கள்? ஞாயிற்றுக்கிழமை மயில் வரைய இருபது பேர் சேர்கிறோம். பகுதி சபைக்கு நாலு பேர் சேர மாட்டேன் என்கிறோம். பகுதி சபையில் பேசுவது போட்டோவில் அழகாக விழாது, அதுதான் காரணம்.

‘அந்தக் காலத்தில் குடிமராமத்து இருந்தது, ஊரே இறங்கிக் குளத்தை வெட்டியது, அரசாங்கத்தை யார் கேட்டார்கள்?’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. ஊரே இறங்கியது உண்மை என்றால் 1858-ல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டிய அவசியம் என்ன? நிலம் உள்ளவன் நீர் வாங்கிக்கொள்ள, நிலம் இல்லாதவன் மண் சுமந்த கதையும் அதற்குள் இருக்கிறது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி ஆரம்பித்தபோது அதற்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. மனசு மட்டும் இருந்தால் குளம் தூர்ந்துபோகாமல் இருக்காது, பட்ஜெட்டும் வேண்டும் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது.

ஆகவே சின்னமனூர்த் தம்பிகளே, தங்கச்சிகளே, வர ஞாயிற்றுக்கிழமையும் கிளம்புங்கள். மண்வெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், மயிலும் வரையுங்கள், அழகு யாருக்குக் கசக்கும்? கூடவே மூன்று காரியம் செய்யுங்கள். அந்தத் தெருவைத் தினமும் கூட்டுகிற அக்காவிடம் எங்கே, எப்படி, எதனால் குப்பை சேர்கிறது என்று முதலில் கேளுங்கள். எந்த ஆலோசகரைவிடவும் அவருக்கு அது அதிகமாகத் தெரியும். டீக்கடை அண்ணன் கேட்ட கேள்வியை எழுதி, ஸ்டாம்ப் ஒட்டித் திங்கட்கிழமையே நகராட்சியில் கொடுங்கள். மூன்றாவதாக, சாக்கடை ஆற்றில் விழுகிற இடம் வரைக்கும் ஒருநாள் கரையோடு நடந்து போய் அங்கேயும் ஒரு போட்டோ எடுங்கள்.

அந்த இடத்துக்கு ‘முன்பு’ போட்டோ மட்டும்தான் இப்போதைக்குக் கிடைக்கும். பரவாயில்லை. அதைப் பகுதி சபைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ‘பின்பு’ போட்டோவை எடுத்துத் தர வேண்டியது நகராட்சியின் வேலை.